கடைசியாக வர ஒரு போட்டி

நீண்டதூரக் குதிரைச் சவாரிக்குப் பணம் கட்டும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். நான் சேர்ந்தது 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர். முடிக்க 6 மணி நேரம். மூன்றே மணியில் முடித்தாலும் கட்டணம் அதேதான். பாதி நேரத்திலேயே இறங்கிப் போகிறவர்கள், கல்யாணப் பந்தியில் சாம்பார் சாதத்தோடு எழுந்து கை கழுவுகிற ரகம்.

கலிபோர்னியாவில் ஆபர்ன்காரர்களிடம் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். 1955-இல் தொடங்கிய டெவிஸ் கோப்பை சவாரி அந்த ஊரில்தான் வந்து முடிகிறது. சியரா நெவாடா மலையில் ஏறி இறங்கி 100 மைல், 24 மணி நேரக் கெடு. முதலில் வருகிறவருக்குக் கோப்பை. ஆனால் எல்லாருக்கும் கண் இருப்பது வெள்ளி பெல்ட் பக்கிளின் மேல். அது கெடு முடியும் தறுவாயில் சேணத்திலேயே தூங்கி வழிந்துகொண்டு வருகிறவருக்கும் உண்டு. 1974-இல் கோர்டி எய்ன்ஸ்லி என்பவர் குதிரையே இல்லாமல் அந்தப் பாதையை 23 மணி 42 நிமிடத்தில் ஓடி முடித்தார். முந்தைய வருடம் அவர் குதிரை நொண்டிவிட்டதாம். தீவனச் செலவு மிச்சம்.

என் குதிரை இரவல். அரேபிய இனம், என்னைவிட அனுபவசாலி. அதன் பின்புறத்தில் கிரேயானால் என் எண்ணை எழுதிவிட்டார்கள். முன்னால் நின்ற குதிரையின் வாலில் அழகான சிவப்பு ரிப்பன். கிட்டே போய் ரசிக்கக் கூடாது. 'உதைக்கும்' என்பதற்கான அறிவிப்பு அது.

நடுவழியில் கால்நடை டாக்டர். குதிரையின் ஈறை அழுத்தி, வெளுத்த இடம் எத்தனை சீக்கிரம் சிவக்கிறது என்று பார்த்தார். நீர்ச்சத்து வற்றியிருக்கிறதா என்று தோலைக் கிள்ளினார். வயிற்றில் நாலு இடத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். கடமுடா என்றால் நல்லது, நிசப்தம்தான் ஆபத்து. என் வயிறும் கடமுடா என்றது. அதற்கு மார்க் கிடையாது. பிறகு குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்காட்டச் சொன்னார். எங்கள் இருவரில் ஒருவர் மட்டுமே நொண்டினார். அது குதிரை இல்லை என்பதால் 'ஏ' போட்டு அனுப்பிவிட்டார்.

கடைசி மைலில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் கூட வந்தார். இந்தச் சவாரியில் கடைசியாக முடிப்பவருக்கு 'ஆமைப் பரிசு' உண்டு என்று அவர்தான் சொன்னார். சொன்ன மறுநிமிடம் கடிவாளத்தை இழுத்தார். நானும் இழுத்தேன்.

"நீங்க முன்னாடி போங்க தம்பி."

"பெரியவங்க நீங்க, உங்களுக்கு அப்புறம்தான் நாங்க."

போட்டியே வேண்டாம், காற்று வாங்கத்தான் வந்தோம் என்று அதுவரை பேசிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். இப்போது இரண்டு குதிரைகளும் நின்ற இடத்தில் புல் மேய்ந்தன. டீச்சரம்மா கீழே இறங்கி, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்.

அதற்குள் முகாமின் காய்ந்த புல் வாசனை என் குதிரைக்கு எட்டிவிட்டது. நான் இழுக்க இழுக்க ஒரே பாய்ச்சல். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது பின்னால் அவர் சிரிப்புச் சத்தம். ஆற அமர நடந்து வந்தார்.

ஆனால் 25 மைல் சவாரியில் கோட்டைத் தொட்ட நேரம் கணக்கில்லை. குதிரையின் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 60-க்கு இறங்கும்போதுதான் முடித்ததாக அர்த்தம். நடந்து வந்த அவர் குதிரைக்கு உடனே இறங்கிவிட்டது. பாய்ந்து வந்த என்னுடையதற்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. டீச்சரம்மாவே ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தார். நான் மறுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் மெதுவாகத் தேய்க்கச் சொன்னேன், அவ்வளவுதான்.