பெட்டிக்குள் பூதம்

இந்தக் கதை ஒரு சவரக்கத்தியில் ஆரம்பிக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்றொருவர் இருந்தார். கொத்தனாராகக் கரண்டி பிடித்து, கான்ட்ராக்டராகி, கடைசியில் மனிதன் செய்யும் எந்த வேலையிலும் பாதி அசைவு வீண் என்ற ஞானம் பெற்றவர். ஒரு செங்கல் வைக்க 18 அசைவு எதற்கு, ஐந்தே போதும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு கையிலும் இரண்டு கத்தி பிடித்து முகம் மழித்துப் பார்த்தார். மிச்சமானது 44 விநாடி. வெட்டிக்கொண்ட கழுத்துக்குக் கட்டுப்போட ஆனது இரண்டு நிமிடம். அவருடைய 12 பிள்ளைகளில் இரண்டு பேர் பிற்பாடு புத்தகம் எழுதி அப்பாவின் மானத்தை வாங்கியதால்தான் நமக்கு இது தெரிகிறது.

இந்த ஃபிராங்கும் மனைவி லில்லியனும்தான் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன்னால் போய், ஒரு வேலை எங்கே தொடங்கி எங்கே போய் முடிகிறது என்பதைக் குறிகளாக வரைந்து காட்டினார்கள். ஆபீஸ் சுவர்களில் இன்று தொங்கும் பெட்டிகளுக்கும் அம்புகளுக்கும் பாட்டன், பாட்டி இவர்களே. கை அசைவின் ஒவ்வொரு துணுக்குக்கும் ‘தெர்ப்ளிக்’ என்று பெயர் வைத்தார்கள். கில்பிரெத்தைக் கிட்டத்தட்டத் திருப்பிப் போட்டால் தெர்ப்ளிக். கையில் கிடைத்ததைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொழிலில் பெயரிலிருந்தே தொடங்கிவிட்டது.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. 1940-களின் கடைசியில் ஃபான் நாய்மன், கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு கணித நிபுணர்கள் புரோகிராமைப் படமாக வரைந்தார்கள். அடுத்து ஐபிஎம் ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கொடுத்தது. உள்ளே பெட்டி, வைரம், வட்டம் என்று துளை துளையாக இருக்கும். துளைக்குள் பென்சிலை விட்டுச் சுற்றினால் படம் தயார். இதில் நீட்டிப்பு, மாற்றம் எல்லாம் பிளேடும் துணிச்சலும் இருந்தால் உண்டு.

வரையச் சோம்பேறித்தனப்பட்டவர்களுக்காக 1960-களின் நடுவில் ‘ஆட்டோஃப்ளோ’ வந்தது. புரோகிராமைக் கொடுத்தால் ஃப்ளோசார்ட்டை அதுவே அச்சடித்துத் தரும். முதலில் கேட்டது ஆர்சிஏ கம்பெனி. செய்து முடித்ததும் வேண்டாம் என்றது. செய்த அப்ளைட் டேட்டா ரிசர்ச் கம்பெனியின் மார்ட்டின் கோட்ஸ் சளைக்கவில்லை. அதையே கடைச்சரக்காக்கி ஊருக்கு விற்கக் கிளம்பினார். ஐபிஎம் அப்போது மென்பொருளை மெஷினோடு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அன்னதானப் பந்திக்கு எதிரிலேயே ஹோட்டல் திறந்த கதை. ஆனாலும் வியாபாரம் ஆனது. காரணம் உண்டு. மேனேஜருக்குப் படம் வேண்டும். புரோகிராமருக்கு வரையப் பிடிக்காது. கெட்டிக்கார புரோகிராமர் எவரும் முதலில் விரிவாகப் படம் போட்டுவிட்டு எழுதி நான் பார்த்ததில்லை, எழுதி முடித்த பிறகுதான் வரைகிறார்கள் என்ற பொருளில் 1975-இல் கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் தன் புத்தகத்திலேயே போட்டு உடைத்தார். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பது போலத்தான். அதற்காக ஜோசியர் தொழிலை விட்டாரா என்ன?

இப்போது சியாட்டில் நகருக்கு வாருங்கள். பேஜ்மேக்கர் செய்த ஆல்டஸ் கம்பெனியிலிருந்து ஜெரமி ஜேக், டேவ் வால்டர், டெட் ஜான்சன் என்று மூன்று பேர் வெளியே வந்து 1990-இல் ஆக்ஸான் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பிறகு அது ஷேப்வேர். அதன் பிறகு, சரக்கின் பெயரே கம்பெனிக்கும் ஆகி, விசியோ. ஊருக்கெல்லாம் ஒழுங்கு முறையை வரைந்து கொடுக்க வந்தவர்கள் ஐந்து வருஷத்தில் மூன்று போர்டு மாற்றினார்கள்.

1992-இல், கம்ப்யூட்டரில் பெட்டியும் அம்பும் வரையும் விசியோ மென்பொருளின் முதல் பதிப்பு வந்தது. பழைய பிளாஸ்டிக் அட்டையை மறக்கவில்லை. திரையின் ஓரத்தில் பச்சைப் பின்னணியில் ஸ்டென்சில், அதிலிருந்து பெட்டியை இழுத்துப் போடு, முடிந்தது வேலை. பார்த்தவர்கள் குழந்தை விளையாட்டு என்றார்கள். அந்தப் பச்சைக்குப் பின்னால் இருந்த வில்லங்கம் அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பெயர் ஷேப்ஷீட். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு முழு ஸ்ப்ரெட்ஷீட்! அகலம் ஒரு கட்டத்தில், உயரம் ஒரு கட்டத்தில், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது இரண்டு கட்டத்தில். ஒவ்வொன்றிலும் எக்ஸெல் மாதிரி சூத்திரம் எழுதலாம். உயரம் எப்போதும் அகலத்தில் பாதி என்று எழுதினால், அகலத்தை இழுக்க இழுக்க உயரமும் தானே அந்தக் கணக்குக்கு வந்து நிற்கும். இரட்டை க்ளிக் செய்தால் என்ன நடக்க வேண்டும், வலது க்ளிக் மெனுவில் என்ன வர வேண்டும், எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. மில்லிமீட்டரில் எழுதினாலும் அது மனசுக்குள் அங்குலத்தில்தான் கணக்குப் போடும். பத்திரத்தில் ஹெக்டேர் என்று எழுதிவிட்டுத் திண்ணையில் ஏக்கர், சென்ட் பேசுகிற பெரியவர் மாதிரி.

சூத்திரத்துக்கு ஒரு எதிரி உண்டு: மவுஸ். நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய சூத்திரத்தை, மறுநாள் காலையில் யாரோ பெட்டியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்து, வெறும் எண்ணால் அழித்துவிடுவார். இதற்கென்றே ‘கார்ட்’ என்ற வாட்ச்மேனை வைத்தார்கள். சூத்திரத்தை அந்த அடைப்புக்குள் போட்டுவிட்டால் எவன் இழுத்தாலும் அது அசையாது. அது போதாதென்று அகலத்துக்குப் பூட்டு, உயரத்துக்குப் பூட்டு, அழிக்க முடியாதபடி பூட்டு என்று தனிப் பிரிவே உண்டு. படம் வரையும் மென்பொருளுக்குள், வரைய விடாமல் தடுக்க இவ்வளவு ஏற்பாடு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பார்கள் என்பார்கள். இங்கே சங்குக்கே வாயில் பூட்டு.

4.5 பதிப்பில் விபிஏ என்ற புரோகிராம் மொழியும் வந்து சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து அதைக் காசு கொடுத்து வாங்கிய வெளிக் கம்பெனிகளில் முன்வரிசையில் நின்றது விசியோ. இனிப் பெட்டி நிறம் மாறும், டேட்டாபேஸைக் கேட்கும், தானே இன்னொரு பெட்டி போடும். மைக்ரோசாஃப்ட் பார்த்தது. நம் பிள்ளை அந்த வீட்டில் இவ்வளவு வேலை செய்கிறானே என்று, 1999-இல் பேச்சு முடித்து 2000 ஜனவரியில் வீட்டையே வாங்கிவிட்டது. விலை 130 கோடி டாலருக்கு மேல், பங்குகளாக. அன்றுவரை அது வாங்கியதிலேயே பெரியது. 2013-இல் கோப்பு வடிவத்தையும் மாற்றினார்கள்; புது விஎஸ்டிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஜிப் மூட்டை, உள்ளே எக்ஸ்எம்எல். பெட்டியைத் திறக்காமலே குடலை எடுக்கலாம் என்று ஆனது.

நானும் ஒரு காலத்தில் ஓர் ஆபீஸில் இந்தப் பூதத்துக்குத் தீனி போட்டவன்தான். ‘ஒப்புதல்’ என்று ஒரு பெட்டி செய்தேன். கையெழுத்தானால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. 11 சூத்திரம், பதினொன்றுக்கும் கார்ட். எல்லாப் பூட்டும் போட்டு, வலது க்ளிக் மெனுவில் கர்வமாக ஒரு வரியும் சேர்த்தேன்: ‘மாற்ற வேண்டுமானால் எக்ஸ்டென்ஷன் 214-ஐக் கேட்கவும்’. அப்புறம் வேலையை விட்டுவிட்டேன்.

போன மாதம் அங்கிருந்து ஒரு பையன், எங்கெங்கோ கேட்டு என் கைபேசிக்கே வந்துவிட்டான்.

“அண்ணே, அந்த ஒப்புதல் பெட்டியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தணும். நகரவே மாட்டேங்குது. அழிக்கவும் விடலை.”

“மெனுவுல ஒரு நம்பர் இருக்குமே?”

“மூணு நாளா அதைத்தாண்ணே போட்டுக்கிட்டிருக்கேன். எப்பவும் எங்கேஜ்டாவே இருக்கு.”

“எந்தப் போன்லேருந்து போடறே?”

“என் சீட்டுப் போன்லேருந்துதான். ஜன்னல் ஓரத்துல, உங்க பழைய சீட்டு.”