பரளச்சி நோக்கில் அரண் இலக்கணம்

அரண் நால்வகை: நீர், மண், மலை, காடு. திருக்குறள் 75ஆம் அதிகாரம் தந்த பாகுபாடு இது. திருத்த யாம் துணியோம். எங்கள் ஊரான பரளச்சியில் பொருத்திப் பார்க்க மட்டும் துணிந்தோம். ஐப்பசியில் கண்மாய் நிறைந்து நீரரண் அமைந்தாலும், பங்குனியில் பகைவன் செருப்புக் காலோடு நடந்து வருவான். மலையரண் இல்லை. காட்டரணாகிய சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டு லாரியில் ஏற்றிவிடுகிறோம். மிச்சம் மண்.

ஸ்காட்லாந்தாருக்கு இந்த முடை கிடையாது. எடின்பரோ கோட்டை அணைந்த எரிமலைப் பாறைமேல் இருக்கிறது, மலையரண். எய்லியன் டோனன் கோட்டையைக் கடல் சூழ்ந்திருக்கிறது, நீரரண். அந்த நீர்வழியாகவே 1719இல் போர்க்கப்பல்கள் வந்து சுட்டன. பிறகு வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். உரையாசிரியர்கள் கவனிக்க.

மண்ணரண் தனிச்சாதி. கல்மதிலில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் தெறிக்கும். மண்மதில் குண்டை விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கும். பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையை 1799இல் கும்பினியார் பிடித்தார்கள். 1801 பிப்ரவரியில் சிறையிலிருந்து தப்பி வந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சில நாட்களுக்குள் மதிலைத் திரும்ப எழுப்பிவிட்டார். கல்தச்சனுக்குக் காத்திருக்கும் வேலை இல்லையே. மார்ச் 31 தாக்குதலில் கும்பினிப் படை அடிவாங்கித் திரும்பியது. மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது.

இனி உள்ளமைப்பு. ஸ்காட்லாந்துப் பிரபு குறுகலான சுழல்படி ஏறி மேலே ஒளிந்துகொள்வார். சேதுபதி மன்னர் அப்படியல்லர். கிழவன் சேதுபதி எழுப்பிய இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை போன்ற உள்ளறை எனக் கோயில் கணக்கில் உள்வாங்கிப் போகும். மனு கொண்டுவந்தவன் பாதி வழியிலேயே கும்பிட்டிருப்பான். சுவர்களில் தஞ்சை மராட்டியரோடு போர், ஐரோப்பியர் சந்திப்பு, இராமாயணம். மாடியறையில் மன்னரின் காதல் சல்லாபம். வரவேற்பறைக்கு எது, படுக்கையறைக்கு எது என்ற தெளிவு ஓவியனுக்கு இருந்திருக்கிறது. கும்பினிக் கலெக்டர் ஜாக்சன் துரையைக் கட்டபொம்மன் 1798இல் சந்தித்தது இந்த மாளிகையில்தான். அன்று யாரும் ஓவியம் பார்த்ததாகத் தெரியவில்லை.

வள்ளுவர் காணாத ஐந்தாம் வகை ஒன்றுண்டு: நுழைவுச்சீட்டு அரண். தகர்ந்த எய்லியன் டோனனை 1932இல் மறுபடி கட்டி முடித்தார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு நினைவுக்கோட்டை எழுப்பியது. இவ்வகையை முற்றுகையிடுவோர் பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள். ஆயுதம், புளியோதரைப் பொட்டலம்.