வயதும் எண்பது, சுகரும் எண்பது

எண்பது வயதுப் பாட்டியின் இரத்தச் சர்க்கரையையும் எண்பதிலேயே பிடித்து நிறுத்தும் வார்டுகளை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு 180 வரை இருக்கலாம், உடல் தளர்ந்தவருக்கு இன்னும் சற்றுக் கூடினாலும் குற்றமில்லை என்று வழிகாட்டு நூல்கள் சொல்லும். அதெல்லாம் லட்சியமில்லாதவர்களுக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆறாயிரம் பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சர்க்கரையை 81க்கும் 108க்கும் இடையே இறுக்கிப் பிடித்த தரப்பில்தான் அதிகம் பேர் இறந்தார்கள் என்று 2009இல் முடிவு வந்தது. நம் வார்டு இதற்கெல்லாம் மனம் தளரவில்லை.

நேரம் தவறாமையைச் சொல்ல வேண்டும். ஏழரைக்கு ஊசி என்றால் ஏழரைக்கு ஊசி. இட்லி எட்டரைக்கு வரும். பாட்டி பாதி தின்பார். சில நாள் அதுவும் இல்லை, ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வீல்சேரில் போய் வராந்தாவில் காத்திருப்பார். உள்ளே போன இன்சுலின் யாருக்காகவும் காத்திருக்காது.

கேஸ் ஷீட்டில் எழுதிய அளவுக்கணக்கோ பாரபட்சமே அறியாது. 200ஐத் தாண்டினால் இத்தனை யூனிட், 250ஐத் தாண்டினால் இத்தனை. பாட்டி முப்பத்தெட்டு கிலோவா, சிறுநீரகம் எப்படி, சாப்பிட்டாரா என்ற வீண் வம்பெல்லாம் அதற்குக் கிடையாது. வீட்டிலிருந்து வந்த கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையையும் பெருந்தன்மையோடு தொடர்கிறார்கள். சிறுநீரகம் தளர்ந்த உடம்பில் அது ஒரு நாள் கழிந்தும் வேலை செய்யும். அப்படி உழைக்கிற மாத்திரையை யார்தான் நிறுத்துவார்கள்?

நோய் அறியும் நுட்பம் தனி. "சிஸ்டர், அம்மா என்னமோ உளறுறாங்க" என்கிறாள் மகள். "வயசாயிடுச்சுல்லம்மா, அப்படித்தான்" என்று உடனே பதில் வருகிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்கூடச் செலவில்லை. படபடப்பை மறைக்கிற பிரஷர் மாத்திரையும் கூட இருந்தால் பாட்டி இன்னும் அமைதியாகவே மயங்குவார். 70க்குக் கீழே இறங்கினால், விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்துக் கால் மணியில் மறுபடி பார் என்பார்கள். அடுத்த ரீடிங் இரவு பத்துக்குத்தானே.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சுகர் கட்டுப்பாட்டில் உள்ளது' என்று எழுதியிருந்தது, உண்மைதான். பாத்ரூம் போகும் வழியில் தலைசுற்றி விழுந்து முறிந்த இடுப்பெலும்பு ஆர்த்தோ டிபார்ட்மென்ட்டைச் சேர்ந்தது.

இத்தனை அக்கறை உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் வாய்த்தால், சாப்பாட்டு ஊசிக்கு முன் தட்டு வந்துவிட்டதா என்று கேளுங்கள். பேச்சு குழறினால், "முதல்ல சுகர் பாருங்க" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேளுங்கள்.