முறுக்குக்கு ஓட்டு இல்லை

ஸ்கார்பரோ,
25-5-2025

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். அக்காவுக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே மே மாசம் முடியப்போகிறது, ஸ்வெட்டரை இன்னும் பெட்டிக்குள் வைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருமகள் தேர்தலில் நின்று தோற்றுவிட்டாள்.

பதற வேண்டாம், பள்ளிக்கூடத் தேர்தல்தான். பாப்பா இப்போது பதினொன்றாம் வகுப்பு. அடுத்த வருஷத்து மாணவர் கவுன்சில் தலைவர் பதவிக்கு நின்றாள். மனுத்தாக்கலுக்கு 50 பிள்ளைகளின் கையெழுத்தும், இரண்டு வாத்தியார் சிபாரிசும் வேண்டும். போஸ்டர் 10-க்கு மேல் கூடாது, ஒவ்வொன்றிலும் ஆபீஸ் முத்திரை இருக்க வேண்டும். பசை தடவக்கூடாது, பெயின்ட் உரியாமல் கழன்று வருகிற நீல டேப்தான். தேர்தல் முடிந்த மறுநாள் ஒட்டினவரே வந்து எடுத்துவிட வேண்டும். நம் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் இருக்கிற இரட்டை இலை எந்த வருஷத்துத் தேர்தலுக்கு வரைந்தது அத்தான்?

நான் என்ன ஊர்க்காரன்? திருமங்கலத்துக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு, மகள் தேர்தலில் நிற்கிறபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? இங்கே ஒரு தமிழ்க் கடையில் சொல்லி, 200 பாக்கெட் முறுக்குப் போட்டு வாங்கினேன். பாப்பாவுக்குத் தெரியாமல் அவள் சிநேகிதியிடம் முதல் பெட்டியைக் கொடுத்தனுப்பினேன். பதினொரு மணிக்கெல்லாம் துணைத் தலைமையாசிரியையிடமிருந்து போன். வேட்பாளர் தின்பண்டம் கொடுக்கக்கூடாது, மிட்டாய்கூட லஞ்சக் கணக்கில் வருமாம். அந்த அம்மாளுக்கு அதைவிடப் பெரிய கவலை, முறுக்கில் வேர்க்கடலை உண்டா என்பது. பச்சரிசி, உளுந்து, எள் என்று நான் பக்குவம் சொல்லச் சொல்ல, எதிர்முனையில் எழுதிக்கொண்டார்கள். கெட்டுப்போகாமல் எஞ்சியதை இன்றுவரை நாங்கள்தான் காபிக்குக் கடித்துக்கொண்டிருக்கிறோம். கையில் கொடுத்து ஓட்டு வாங்குகிற திருமங்கலம் ஃபார்முலா அட்லாண்டிக்கைத் தாண்டாது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு முந்நூறு டாலர்.

பேச்சு நாளன்று அசெம்பிளி. இதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நம்ம ஸ்கூலில் வெயிலில் வரிசை, அட்டென்ஷன், தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், செய்தி வாசிப்பு, மூன்றாவது செய்தியில் ஒருத்தன் மயங்கி விழுவான். இங்கே பிள்ளைகள் உள்விளையாட்டு அரங்கத்துப் படிகளில் சாய்ந்தும் படுத்தும் இருக்கிறார்கள். தேசிய கீதத்துக்கு மட்டும் எழுந்து நிற்கிறார்கள். பிறகு இந்த நிலம் எந்தெந்தப் பூர்வகுடிகளுடையது என்று ஒரு பிள்ளை வாசிக்கிறது. இது அன்றைக்கு மட்டுமில்லை, தினமும் காலையில் ஒலிபெருக்கியில் உண்டாம். பட்டா யார் பேரில் என்று நாள் தவறாமல் அறிவித்துவிட்டுத்தான் பாடம் நடத்துகிறார்கள். திருப்பிக் கொடுப்பதாகத் தகவல் இல்லை.

ஆளுக்கு இரண்டு நிமிஷம். பாப்பா ஏழு அம்சத் திட்டம் வாசித்தாள். எனக்கே நாலாவது அம்சத்தில் கொட்டாவி வந்ததாக அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அடுத்து வந்த பையன் தலையிலிருந்து முழங்கால்வரை வாழைப்பழ வேஷம் போட்டிருந்தான். "சாப்பாட்டுக் கூடத்துக்கு இன்னொரு மைக்ரோவேவ் வாங்குவேன், வேறு எதுவும் செய்ய மாட்டேன்" என்றான். அரங்கமே எழுந்து நின்றது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜெயித்தவர் பேரை மட்டும் மைக்கில் சொன்னார்கள். எத்தனை ஓட்டு வித்தியாசம் என்று கேட்டால் சொல்ல மாட்டார்களாம், தோற்ற பிள்ளை மனசு புண்படுமாம். ராத்திரியெல்லாம் கிராமத்துப் பள்ளிக்கூட பெஞ்சில் கொசுக்கடியில் படுத்து, மறுநாள் பதிவான ஓட்டுக் கணக்கை 17சி படிவத்தில் ஏஜெண்டுகளுக்கு எண்ணிக் கொடுத்த பிரிசைடிங் ஆபீசர் நீங்கள். உங்களுக்கு இது ஆகாது.

ஆனால் ஒன்று. போன மாசம் 28-ந் தேதி நடந்த கனடா நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பே பள்ளிக்கூடங்களில் மாதிரித் தேர்தல் வைத்தார்கள். 2003-இலிருந்து நடக்கிறது. எங்கள் தொகுதியின் அசல் வேட்பாளர் பெயர்களே சீட்டில் இருக்கும். பூத் அதிகாரி, குமாஸ்தா எல்லாம் பிள்ளைகளே. பாப்பாதான் ஒரு பூத்துக்கு அதிகாரி. அசல் வாக்குப்பதிவு முடிகிறவரை முடிவை மூடி வைத்திருந்தார்கள். அசல் தேர்தலிலேயே காகிதச் சீட்டும் பென்சிலும்தான், சின்னம் கிடையாது, விரலில் மையும் கிடையாது. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து விரலைத் தூக்கிப் படம் எடுக்கப் போனேன், வெறும் விரல்.

பிள்ளைகளுக்கு இன்னொரு பதவியும் இருக்கிறது. ஒன்டாரியோ கல்வி வாரியங்களில் மாணவர் பிரதிநிதி உட்காருவார். பேசலாம், வாக்களிக்கலாம், வாக்கைக் குறிப்பேட்டில் பதிவும் செய்வார்கள். ஆனால் முடிவு எடுக்கும்போது அந்த வாக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் வீட்டில் எனக்கு இருக்கிற அந்தஸ்து அப்படியே. பாப்பாவுக்கு அடுத்து அதில் ஒரு கண் இருக்கிறது.

இப்போதைக்கு வாழைப்பழம் அவளைக் கூப்பிட்டுப் பொருளாளர் ஆக்கியிருக்கிறது. "கூட்டணி ஆட்சியா?" என்றேன். முறைத்தாள். மைக்ரோவேவுக்கு மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று ஆறுதலாக இருக்கட்டும் என்று, 1991-இல் நான் எஸ்.பி.எல். ஆன கதையைச் சொன்னேன். கணக்கு வாத்தியாராக இருந்த நீங்கள் வரிசையில் வந்து, என் தோளைத் தட்டி, "நீதான் லீடர்" என்றீர்கள். மனு இல்லை, போஸ்டர் இல்லை, ஓட்டு இல்லை. அடுத்த மாசம் அக்காவைப் பெண் பார்க்க வந்தீர்கள்.

பாப்பா கையில் இருந்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டு, தேதிகளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறாள்: அந்த வரிசையில் என்னைவிட உயரமாக, நன்றாகப் படிக்கிறவன் யாராவது நின்றானா? அக்கா பக்கத்தில் இல்லாதபோது பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்