திருத்தப்பட்ட அட்டவணை

கூட்டு வாசிப்பு ஒருங்கிணைப்பாளர் நாவல் படிக்கிறவர் என்றுதான் ஊரில் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர் படிப்பது அட்டவணை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' என்றதும் நமக்கு வந்தியத்தேவனோ நந்தினியோ நினைவுக்கு வரலாம். அவருக்கு வருவது 293. ஐந்து பாகம், 293 அத்தியாயம், நாளுக்கு இரண்டு வைத்தால் 147 நாள், ஞாயிறுதோறும் கலந்துரையாடல், விட்டுப்போனதைப் பிடிக்க மாதத்துக்கு இரண்டு நாள் சலுகை. பாகத்துக்கு ஒரு நிறம் கொடுத்து, ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் கலராக அடித்து, லேமினேட் போட்டு எடுக்கும்வரை கடைக்காரர் பக்கத்திலேயே நிற்பார். பச்சை கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டால் மறுபடி ஒரு பிரதி. பிறகு அதையே பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுவார். முதலில் வருவதன் பெயர் 'அட்டவணை'. அடுத்தது 'திருத்தப்பட்ட அட்டவணை'. அதற்கடுத்தது 'திருத்தப்பட்ட அட்டவணை இறுதி'. 'இறுதி 2' வரும்போது குழுவில் ஒருவரும் முதல் பாகத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். புதுத் தாளில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

அட்டவணை ஏன் இவ்வளவு சீக்கிரம் படுத்துவிடுகிறது என்றால், அது நம் ஊரான திண்டுக்கல்லில் வாழ்கிற யாரையும் மனதில் வைத்துப் போட்டதில்லை. ஜனவரி 1 அன்று தொடங்குவார். பதினைந்து நாளில் பொங்கல். பொங்கல் கழிந்த கையோடு தைப்பூசம். பழநிக்குப் போகிற பாதயாத்திரைக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு போகும். குழுவில் சிலர் அதில் நடந்துகொண்டிருப்பார்கள், சிலர் அன்னதானப் பந்தலில் கரண்டி பிடித்துக்கொண்டிருப்பார்கள். மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா. பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, வைகாசியில் வரிசையாக முகூர்த்தம். இவற்றில் எதுவும் திடீரென்று வந்து குதித்ததல்ல. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் எல்லாம் அச்சாகித்தான் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளரின் ஆண்டில் மட்டும் 365 நாளும் ஒரே மாதிரி. கடைசியில் ஆடிப்பெருக்கன்று புதிதாகத் தொடங்கிவிடலாம் என்று அறிவிப்பார். கதையே ஆடிப்பெருக்கில்தானே தொடங்குகிறது, இதைவிடப் பொருத்தமான நாள் உண்டா என்பார். பொருத்தம்தான். அதனால் நேர்ந்தது என்னவென்றால், வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் காட்சி இங்கே பலருக்குப் பலமுறை படித்துப் பாடமாகிவிட்டது. ஐந்தாம் பாகத்தில் என்ன நடக்கிறது என்பதை சினிமா பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். "எங்கே இருக்கீங்க தோழர்?" என்று அவர் விசாரித்தால், "இன்னும் ஏரிக்கரையிலயேதான் நிக்கிறேன் தோழர்" என்று பதில் வரும்.

பெரிய நாவல் என்றால் திட்டம் இல்லாமல் முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்த நாவலை முதன்முதலில் கூட்டமாகப் படித்தவர்களிடம் எந்த அட்டவணையும் இல்லை. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை மூன்றரை ஆண்டு, 'கல்கி' இதழ் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அத்தியாயம் கொடுத்தது. படித்தவர்கள் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தார்கள். வீட்டில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி எழுதினவருக்கு இருந்திருக்கலாம், படித்தவர்களுக்கு இல்லை. நம்மவர் இதைத் தலைகீழாக்குகிறார். அதையும் கணக்காகச் செய்தால் பரவாயில்லை. திருத்தப்பட்ட அட்டவணைகளில் பாகத்துக்கு ஒரு மாதம் என்று சமமாகப் பிரிப்பது அவருக்குப் பிடித்த முறை. முதல் நான்கு பாகங்களில் முறையே 57, 53, 46, 46 அத்தியாயங்கள். ஐந்தாவதில் 91. அதாவது எல்லோரும் களைத்துப்போன மாதத்தில்தான் நாளுக்கு மூன்று அத்தியாயம் விழுகிறது. அந்த மாதம் நடப்பதை வாசிப்பு என்று சொல்ல மாட்டேன். தண்டல்காரருக்குத் தவணை கட்டுவது. ராத்திரி பதினோரு மணிக்கு, படிக்காத அத்தியாயத்துக்கு நேராக ஒரு கட்டைவிரல் குறியைப் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். ஒருங்கிணைப்பாளர் அந்தக் கட்டைவிரல்களை எண்ணி, 'இன்று 17 பேர் நிறைவு' என்று பதிவிடுகிறார்.

கூட்டாகப் படிப்பதற்கு வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதற்கு நம் ஊர்த் தொழிலிலேயே ஒரு சொந்தக்காரர் உண்டு. திண்டுக்கல் ஒருகாலத்தில் சுருட்டுக்குப் பேர்போனது. ஸ்பென்சர் கம்பெனி இங்கே ஆலை வைத்துச் சுருட்டு தயாரித்தது. உலகத்தின் இன்னொரு சுருட்டு ஊரான ஹவானாவில், 1865-லிருந்து, தொழிலாளர்கள் புகையிலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் உயரமான மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் வாசிப்பார். அவருக்குச் சம்பளம் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தது. அலெக்சாந்தர் டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ' அங்கே அவ்வளவு பிடித்துப்போனதால்தான் ஒரு சுருட்டுக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அதுவும் ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிற நாவல்தான். கேட்டவர்கள் யாரும் பின்தங்கவில்லை. காதில் விழுகிற கதையில் பின்தங்க வழியில்லை. கூட்டு வாசிப்பில் கூட்டத்துக்கு உண்மையிலேயே வேலை இருந்தது அங்கேதான். ஆளாளுக்குத் தனித்தனியே வீட்டில் படித்துவிட்டு, ஞாயிறன்று 'படித்துவிட்டேன்' என்று ஆஜர் சொல்வதற்குக் கூட்டம் எதற்கு?

இங்கே கொஞ்சம் கோபம் வருகிறது, வந்தால் வரட்டும். நம் ஒருங்கிணைப்பாளர் ஆண்டுக்கொரு முறை 'போரும் வாழ்வும்' பற்றிப் பேசுவார், தஸ்தயேவ்ஸ்கி பற்றிப் பேசுவார். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வத்தலக்குண்டு. 1893-லிருந்து 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்த 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யரின் ஊர். 26 வயதில் இறந்துபோன மனிதர், தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ் வாத்தியாரைப் படைத்து நம்மைச் சிரிக்கவைத்துவிட்டுப் போனார். (அட்டவணைக்காரர் அவர் கண்ணில் பட்டிருந்தால் சும்மா விட்டிருப்பாரா!) அதைப் படிக்கலாமே என்றால் "சின்ன நாவல் சார், ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும்" என்று உதட்டைப் பிதுக்குகிறார். அட்டவணைக்கு இடம் தராத புத்தகம் அவருக்குப் புத்தகமில்லை. சரி, பெரியதுதான் வேண்டுமென்றால் அதே வத்தலக்குண்டுக்காரர் சி.சு. செல்லப்பாவின் 'சுதந்திர தாகம்' இருக்கிறது. மூன்று பாகம், அவர் மறைந்த பிறகு 2001-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதைச் சொன்னால், பிரதி கிடைக்குமா என்று யோசித்துச் சொல்கிறேன் என்பார். தன் 'எழுத்து' வெளியீடுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக நடந்து விற்ற செல்லப்பாவும் ஒரு வகையில் ஒருங்கிணைப்பாளர்தான். அவர் எந்த வாசகரிடமும் தினசரி பக்கக் கணக்குக் கேட்டதில்லை.

இருந்தாலும் ஒருங்கிணைப்பாளர் இல்லாவிட்டால் எதுவுமே நடக்காதே என்று ஒரு வாதம் உண்டு. அதை முழுதாக மறுக்க எனக்கு வாயில்லை. ஞாயிறு சாயங்காலம் மூடிக் கிடக்கும் ஒரு பள்ளி வகுப்பறைக்குச் சாவி வாங்குகிறவர் அவர்தான். டீக்கும் வடைக்கும் சொல்லி, காசையும் பெரும்பாலும் தானே கொடுத்துவிடுகிறார். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் மலிவுப் பதிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. புத்தகத் திருவிழாவில் ஐந்து பாகத்தையும் வாங்கி, படிக்க ஆசையிருந்தும் வாங்க வழியில்லாத கல்லூரிப் பெண்ணிடம் யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டு வருகிறவரும் அவர்தான். அந்தப் பெண் குழுவில் சேரவில்லை, கட்டைவிரலும் போடவில்லை. மூன்றே வாரத்தில் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டாள். இது தெரிந்தபோது அவருக்குச் சந்தோஷம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வேகத்தை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்று தெரியாமல் தவித்ததும் உண்மை.

ஆகவே ஒரு யோசனை. அதே வகுப்பறை, அதே டீ, அதே வடை. வீட்டுப்பாடம் கிடையாது. வந்தவர்கள் உட்கார, ஒருவர் ஒரு மணி நேரம் உரக்கப் படிப்பது. விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடர்வது. நாலு வருஷம் ஆனாலும் ஆகட்டும், கல்கி மட்டுமென்ன அவசரப்பட்டாரா? ஒருங்கிணைப்பாளர் இதற்கு ஒத்துக்கொள்வார், அந்த நம்பிக்கை எனக்கு இருக்கிறது. ஆனால் அடுத்த நாள் காலையில் குழுவில் ஒரு பி.டி.எஃப். வந்து விழும்: எந்த வாரம் யார் படிப்பது, அவருக்குத் தொண்டை கட்டினால் மாற்று ஆள் யார், மாற்று ஆள் பழநிக்கு நடந்துபோயிருந்தால் அவருக்கு மாற்று யார்.