முதல் வரிசைப் பக்திமான்

நெல்லைச் சீமையின் சபைகளில் முதல் வரிசைப் பக்திமான் ஊருக்கு ஒருவராவது உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஜிப் வைத்த கறுப்பு வேதாகமம். இரண்டாம் மணி அடித்து எல்லாரும் உட்கார்ந்த பிறகே உள்ளே வருவார். முன்னதாக வந்தால் வருவதை யார் பார்ப்பது?

அவர் பேச்சில் ‘ஸ்தோத்திரம்’ என்பது முற்றுப்புள்ளி. ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்பது கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பவருக்குச் சொல்லும் பதில். ஜெபிக்கச் சொன்னால் கண்ணை மூடுமுன் மைக்கைச் சரிசெய்வார். சேகரக் கணக்கு, கட்டடக் கமிட்டியின் குளறுபடி, பக்கத்து வீட்டு வேலித் தகராறு எனக் கடவுளின் கவனத்துக்கு வராத சங்கதிகளை விலாவாரியாக எடுத்துரைப்பார்.

காணிக்கைப் பையில் அவர் கை சத்தமில்லாமல் போய்வரும். அந்தச் சிக்கனத்தை அறுப்பின் பண்டிகை ஏலம் ஈடுகட்டிவிடும். ஒற்றை எலுமிச்சம்பழத்தை ஐயாயிரத்துக்கு எடுப்பார். தொகையை ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொல்லாவிட்டால் முகம் சுண்டிவிடும். கோயிலுக்குக் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் ‘உபயம்’ என்று தம் பெயரை எழுதியிருப்பார். சுற்றினால் எழுத்துத் தெரியாதென்று சித்திரை வெயிலிலும் அதைப் போட விடமாட்டார்.

லெந்து நாட்களில் மீன், இறைச்சி தொடமாட்டார். தம் கடைப் பையனுக்குத் தரவேண்டிய இரண்டு மாதச் சம்பளத்தையும் தொடாமல் வைத்திருப்பார். திருமண்டலத் தேர்தல் நெருங்கினால் மட்டும் வீடுவீடாக நலம் விசாரிப்பார்.

இவர் பரம்பரை பழையது. காப்புநாடாவை அகலமாக்கி, அங்கியின் தொங்கலைப் பெரிதாக்கி, முதன்மையான இருக்கையைத் தேடியவர்களை மத்தேயு 23ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் ஒதுக்கும் வழக்கத்தை யாக்கோபு 2ஆம் அதிகாரம் கடிகிறது.

உண்மை விசுவாசியும் வெள்ளை உடுத்தலாம், முன்வரிசையிலும் உட்காரலாம். ஆகவே உடுப்பையும் இருக்கையையும் பார்த்து ஆளை எடைபோட முடியாது. சோறு பொங்கும்போதெல்லாம் ஊழியத்துக்கென ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடும் பாட்டிக்கு ரசீதும் இல்லை, அறிவிப்பும் இல்லை. லூக்கா 19இல் வரும் சகேயு, தாம் ஏறிய மரத்தில் ‘உபயம்’ எழுதவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னார். அவர் மனமாற்றம் முதலில் தெரிந்தது கணக்கில்தான்.

அதனால் ஒருவரின் விசுவாசத்தைப் பற்றிக் குருவானவரிடம் விசாரிப்பதைவிடக் கடைப் பையனிடம் விசாரிப்பது நல்லது. சம்பளத் தேதி அவனுக்குத்தான் தெரியும்.