மூக்கு போன போக்கு

டெல்லிக் காற்று கெட்டுப்போகும் நாட்களில் செய்தியில் அடிபடும் பெயர்களில் எங்கள் லோதி ரோடும் ஒன்று. வானிலைத் துறையின் தலைமையகமான மௌசம் பவன் இங்கேதான். காற்றின் தரத்தை அளக்கும் கருவியும் இங்கேயே. அந்த எண் ஏறும்போதெல்லாம் என் மனைவி டிவியைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறாள்.

காரணம், வாசலில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சிசி, மெட்ராஸில் பிறந்த வண்டி. ஊர்ப்பாசத்தில் வாங்கினேன். பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருப்பதால், ஒரு சொட்டு கசிந்தாலும் பின்சீட்டுக்காரருக்குத்தான் முதல் மரியாதை. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு. அந்தக்காலத்து ரப்பர் குழாய்க்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

"ஒரு ஊதுவத்தி ஏத்தி வைங்களேன் மாப்பிள்ளே, நாத்தம் போயிடும்" என்றார் மாமியார். ஏற்றியிருந்தால் நாற்றத்தோடு நாங்களும் போயிருப்போம்.

கரோல்பாக் மெக்கானிக் உஸ்தாத் கேட்டது முகப்பவுடர். குழாய் இணைப்புகளைத் துடைத்துப் பவுடரைத் தூவினால், கசியும் இடம் ஈரமாகிக் காட்டிக்கொடுக்குமாம். மனைவியின் டப்பாவைக் காலி செய்தோம். குழாயில் ஒரு கசிவு அகப்பட்டது. பிறகு கார்பரேட்டரைப் பிரித்து, பித்தளை மிதவையை என் காதருகே ஆட்டினார். களக், களக். மயிரிழை ஓட்டை வழியாக உள்ளே பெட்ரோல் புகுந்து மிதவை மூழ்கியிருக்கிறது. மிதவை மேலே வந்தால்தானே ஊசி வால்வு மூடும்? மூடாமல் பெட்ரோல் பொங்கி வழிந்திருக்கிறது. லிட்டர் விலையை நினைத்தபோது எனக்கும் உள்ளே ஏதோ களக்கென்றது.

பெட்ரோல் வாடை போனதும், அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த சைலன்சர் புகை வெளியே வந்தது. கண்ணாடியைத் திறந்துவிட்டால் போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஓடுகிற வண்டியின் முதுகுப்பக்கம் காற்றழுத்தம் குறைந்து, புகை அங்கேயே சுழல்கிறது. ஜன்னல் திறந்திருந்தால், டிக்கிக் கதவின் ரப்பர் இடுக்கு வழியாக அது உள்ளே இழுபடும். "வாடையாவது சொல்லிவிட்டு வருகிறது. கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. தலை வலித்தால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடு" என்று உஸ்தாத் மிரட்டி, டிக்கி ரப்பரையும் சைலன்சர் கேஸ்கெட்டையும் மாற்றச் சொன்னார். காஷ்மீரி கேட் கடைகளில் ஏறி இறங்கியதில் என் செருப்பையும் மாற்ற வேண்டியதாயிற்று.

டெல்லியில் 15 வருடம் தாண்டிய பழைய பெட்ரோல் வண்டிக்குக் கெடுபிடி அதிகம். ஆனால் 50 வருடம் தாண்டினால் 2021 விதிப்படி 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். அன்றாடம் ஓட்டக்கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு எடுக்கலாம் என்று மனைவிக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"இத்தனை வருஷமா நீங்க வேற எதுக்குங்க எடுத்தீங்க?" என்றாள்.